பத்து மாதம் மட்டும் இருந்த ஒரு போலந்து மாவட்டம்: ஃபிரிஷ்டாட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் மத்திய ஐரோப்பாவின் எல்லைகள் எப்படி மாறின என்று எப்போது பேச்சு வந்தாலும், ஃபிரிஷ்டாட் பெயரைச் சொன்னதும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வரலாறு படிக்கும் மாணவர்கள், தபால்தலை சேர்ப்பவர்கள், யுத்தக் கதைகளில் ஆர்வம் உள்ளவர்கள் எல்லாரும் கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை, அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

இது எந்த மாவட்டம்? எங்க இருந்துச்சு?

ஃபிரிஷ்டாட் மாவட்டம் 1938 இலையுதிர்காலத்தில் போலந்து உருவாக்கிய ஒரு நிர்வாகப் பிரிவு. போலந்தின் சிலேசிய மாகாணத்தில், கட்டோவிட்சே நகரைத் தலைநகராகக் கொண்ட அந்த மாகாணத்தின் தென்மேற்கு ஓரத்தில் இருந்தது. 1939 செப்டம்பரில் ஜெர்மன் படைகள் நுழைந்ததோடு அதன் கதை முடிந்துவிட்டது. ஃபிரிஷ்டாட், கார்வினா, போகுமின், ஓர்வோவா ஆகியவைதான் இதன் முக்கியமான ஊர்கள். இன்றைக்கு இவை எல்லாமே செக் குடியரசில், ஆஸ்ட்ராவா நகரத்துக்குக் கிழக்கே இருக்கின்றன.

அளவில் சின்ன இடம். ஆனால் நிலத்துக்கு மேலே ரயில், கீழே நிலக்கரி. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதையில் பாதி தானாகவே புரியும்.

ஃபிரிஷ்டாட்னு தேடினா ஆஸ்திரியாவில் ஏதோ ஒரு ஊர் வருதே?

ஜெர்மன் மொழியில் இந்த ஊருக்கும் ஃப்ரைஷ்டாட் என்றுதான் பெயர், அதே பெயரில் மேல் ஆஸ்திரியாவிலும் ஒரு பழைய நகரம் உண்டு. போலந்தின் தென்கிழக்கில் ஃபிரிஷ்டாக் என்று இன்னொரு ஊர் இருக்கிறது, அதோடும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நாம் பேசும் ஊரைத் தேட வேண்டும் என்றால் கார்வினாவையும் சேர்த்துத் தேடுங்கள், சரியாக வரும். ஏன் கார்வினா என்பதற்குக் கடைசிப் பகுதியில் பதில் இருக்கிறது.

ஸாஓல்ஜேவும் இதுவும் ஒண்ணுதானா?

இல்லை. போலந்திலிருந்து பார்த்தால் ஓல்ஸா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலப்பகுதி முழுவதையும் போலந்துக்காரர்கள் ஸாஓல்ஜே என்று சொல்வார்கள். 1938-இல் போலந்து எடுத்துக்கொண்டது அந்த முழுப் பகுதியையும்தான்: சுமார் 800 சதுர கிலோமீட்டர், ஏறத்தாழ 2.27 லட்சம் மக்கள். அதை இரண்டாகப் பிரித்தார்கள். வடக்கில் சுரங்கங்கள் நிறைந்த பகுதி புதிய ஃபிரிஷ்டாட் மாவட்டம் ஆனது. தெற்குப் பகுதி ஏற்கெனவே போலந்தில் இருந்த செஷின் மாவட்டத்தோடு சேர்ந்தது.

அதனால் ட்ரினெட்ஸ் ஊரின் புகழ்பெற்ற இரும்பாலை ஃபிரிஷ்டாட் மாவட்டத்தில் இருந்தது என்று யாராவது எழுதியிருந்தால் அது தவறு, அது செஷின் பக்கம் போனது. ஆஸ்திரியா காலத்திலும் அப்புறம் செக்கோஸ்லோவாக்கியா காலத்திலும் ஃபிரிஷ்டாட்டைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு மாவட்டம் இருந்தது என்பதால், போலந்து புதிதாக எல்லை போடவில்லை, இருந்த எல்லைக்கோட்டையே பெரும்பாலும் பயன்படுத்திக்கொண்டது.

இத்தனூண்டு இடத்துக்கு ரெண்டு நாடும் ஏன் அடிச்சுக்கிட்டாங்க?

கார்வினாவில் நிலக்கரி 18-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தப் படுகை ஆஸ்திரியப் பேரரசின் மிக முக்கியமான சுரங்கப் பகுதிகளில் ஒன்றாகிவிட்டது. லாரிஷ் பிரபுக் குடும்பத்துக்குச் சுரங்கமும் சொந்தம், ஃபிரிஷ்டாட்டில் அரண்மனையும் சொந்தம். 1894 ஜூன் 14 அன்று கார்வினா சுரங்கங்களில் நடந்த வெடிவிபத்தில் 235 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். இந்த நிலத்தின் செல்வத்தைப் பற்றிப் பேசும்போது அதை வெட்டி எடுத்தவர்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்தது ரயில். போகுமினில் தொடங்கி ஸ்லோவாக்கியாவின் கோஷிட்ஸே வரைக்கும் போகும் பாதை 1870-களின் தொடக்கத்தில் முழுமையாகத் திறக்கப்பட்டது. 1918-இல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தபோது, செக் பகுதியையும் ஸ்லோவாக்கியாவையும் இணைக்க அதற்கு இணையான இன்னொரு நல்ல பாதை இல்லை. பிராக் அரசின் வாதம் இதுதான்: இந்த ரயில் போனால் நாடே இரண்டு துண்டாகக் கிடக்கும். வார்சாவின் வாதமும் எளிமையானது: அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் போலிஷ் பேசுகிறவர்கள். இரண்டு வாதங்களிலும் பொய் இல்லை, அதனால்தான் இந்தப் பிரச்சினை அவ்வளவு கடினமாக இருந்தது.

1918-லயே ரெண்டு பக்கமும் பேசிப் பிரிச்சுக்கிட்டாங்கன்னு படிச்சேன். அப்புறம் ஏன் போர் வந்துச்சு?

நீங்கள் படித்தது சரி. ஆஸ்திரியப் பேரரசு சரிந்துகொண்டிருந்தபோது, உள்ளூர் போலிஷ் தேசியக் குழுவும் உள்ளூர் செக் தேசியக் குழுவும் 1918 நவம்பர் 5 அன்று உட்கார்ந்து பேசி, எந்த ஊரில் யார் அதிகமோ அந்த ஊர் அவர்கள் நிர்வாகத்தில் இருக்கட்டும், நிரந்தர எல்லையை அரசுகள் பிறகு முடிவு செய்யட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் இந்த முழு வரலாற்றிலும் மிகவும் நியாயமாக நடந்துகொண்டவர்கள் அந்த உள்ளூர்க்காரர்கள்தான். அந்த ஏற்பாட்டில் நிலக்கரிப் பகுதியின் ஒரு பகுதியும் ரயில் பாதையின் பெரும்பகுதியும் போலந்து பக்கம் விழுந்தன, பிராக் அரசு அதை ஏற்கவில்லை.

போலந்து நாடாளுமன்றத் தேர்தல் 1919 ஜனவரி 26 அன்று நடக்க இருந்தது, இந்தப் பகுதியிலும் அதை நடத்த ஏற்பாடு செய்தார்கள். தேர்தல் நடந்துவிட்டால் இந்த நிலம் போலந்துடையது என்று உறுதியாகிவிடுமே என்று, அதற்கு மூன்று நாள் முன்பு, ஜனவரி 23 அன்று, யோசெஃப் ஷ்னெய்டாரெக் தலைமையில் செக்கோஸ்லோவாக்கியப் படை உள்ளே வந்தது. போலந்து அப்போது கிழக்கே உக்ரைனியர்களோடு சண்டையில் இருந்ததால், இங்கே ஃபிரான்சிஷெக் லாட்டினிக்கிடம் இருந்த படை சிறியது. ஸ்கோச்சூவ் ஊருக்கருகே சண்டை நடந்தது, மாத முடிவில் நேச நாடுகளின் அழுத்தத்தால் நின்றது. ஏழு நாள் போர் என்று இதற்குப் பெயர்.

அதற்குப் பிறகு வாக்கெடுப்பு நடத்தலாம் என்றார்கள், இரண்டு பக்கமும் வன்முறை பெருகியதால் அது நடக்கவே இல்லை. கடைசியில் 1920 ஜூலை 28 அன்று நேச நாடுகளின் தூதர்கள் மாநாடு கோடு போட்டது. சோவியத் செம்படை வார்சாவை நோக்கி வந்துகொண்டிருந்த நேரம் அது, பேரம் பேசும் நிலையில் போலந்து இல்லை. போலந்து சார்பில் கையெழுத்துப் போட்டவர் பியானோ மேதையும் முன்னாள் பிரதமருமான பாடெரெவ்ஸ்கி, அதுவும் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுத்தான். செஷின் நகரமே ஆற்றின் நடுவே இரண்டாகப் பிரிந்தது: பழைய நகரம் போலந்துக்கு, ரயில் நிலையம் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு. ஃபிரிஷ்டாட்டும் கார்வினாவும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போயின.

என்கிட்ட எஸ்.ஓ. 1920-னு அச்சடிச்ச தபால்தலை இருக்கு. அது இந்த மாவட்டத்தோடதா?

இந்த நிலத்தோடு தொடர்புடையது, ஆனால் இந்த மாவட்டத்துடையது அல்ல. மேலே சொன்ன வாக்கெடுப்புக்குக் காத்திருந்த காலத்தில், செக்கோஸ்லோவாக்கியத் தபால்தலைகள் மீதும் போலந்துத் தபால்தலைகள் மீதும் அந்த எழுத்துகளை மேலச்சாகப் போட்டுப் பயன்படுத்தினார்கள். பிரெஞ்சில் கிழக்குச் சிலேசியா என்பதன் சுருக்கம் அது. மாவட்டம் வந்தது அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து.

போலிஷ்காரங்கதான் பெரும்பான்மைன்னு ஒரு கணக்கெடுப்பு சொல்லுது, செக்காரங்கன்னு இன்னொண்ணு சொல்லுது. எது பொய்?

ஸாஓல்ஜே பகுதிக்கு 1910-இல் ஆஸ்திரியா எடுத்த கணக்கில் போலிஷ்காரர்கள் சுமார் 1.24 லட்சம், செக்குகள் சுமார் 33,000. 1921-இல் செக்கோஸ்லோவாக்கியா எடுத்த கணக்கில் போலிஷ்காரர்கள் சுமார் 68,000, செக்குகள் சுமார் 88,500. பதினோரு ஆண்டுகளில் பாதிப் பேர் மறைந்துபோகவில்லை. ஆஸ்திரியா கேட்டது அன்றாடம் எந்த மொழி பேசுகிறீர்கள் என்று, செக்கோஸ்லோவாக்கியா கேட்டது நீங்கள் எந்தத் தேசத்தவர் என்று. கேள்வி மாறியதும் பதிலும் மாறியது. அதோடு சுரங்க வேலைக்கும் அரசு வேலைக்கும் வெளியிலிருந்து செக்குகள் வந்தார்கள், போலிஷ்காரர்கள் சிலர் வெளியேறினார்கள், அதிகாரிகளின் அழுத்தமும் இருந்தது. செக் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தால் வேலை நிலைக்கும் என்ற நிலை பல குடும்பங்களுக்கு இருந்தது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் பேசுவது போலிஷ், செக், ஜெர்மன் சொற்கள் கலந்த ஒரு வட்டார வழக்கு. நாங்கள் போலிஷும் இல்லை செக்கும் இல்லை, சிலேசியர்கள் என்று சொல்லும் இயக்கமே அங்கே இருந்தது. அதன் தலைவர் யோசெஃப் கோஜ்டோன் 1923 முதல் 1938 வரைக்கும் செஷினின் செக் பாதிக்கு மேயராக இருந்தார். எனவே எந்தக் கணக்கையும் ஒரு தரப்பின் வெற்றிச் சான்றாகக் காட்டாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

1938-ல என்னதான் நடந்துச்சு? போர் நடந்துச்சா?

முழுப் போர் இல்லை. செப்டம்பரில் போலந்து அனுப்பிய ஆயுதக் குழுக்கள் எல்லையில் சில மோதல்களை உண்டாக்கின. செப்டம்பர் 29, 30 தேதிகளில் மியூனிக்கில் ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் நான்கும் கூடி செக்கோஸ்லோவாக்கியாவில் ஜெர்மானியர்கள் நிறைந்த எல்லையோரமான சூடெட்டன் பகுதியை ஜெர்மனிக்குக் கொடுத்தன. அந்த 30-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு, போலந்தின் வெளியுறவு அமைச்சர் யூசெஃப் பெக் அனுப்பிய இறுதி எச்சரிக்கை பிராக்கில் கொடுக்கப்பட்டது. மறுநாள் நண்பகலுக்குள் பதில் வேண்டும் என்றது அது. எல்லோராலும் கைவிடப்பட்டிருந்த பிராக் ஏற்றுக்கொண்டது. அக்டோபர் 2 அன்று தளபதி போர்ட்னோவ்ஸ்கியின் படை ஓல்ஸா பாலத்தைத் தாண்டியது, அடுத்த பத்து நாட்களுக்குள் பகுதி பகுதியாக எல்லாம் கைமாறியது. போகுமின் ரயில் சந்திப்பின் மேல் ஜெர்மனிக்கும் கண் இருந்தது, கடைசியில் அதையும் போலந்தே எடுத்துக்கொண்டது.

அப்ப போலந்து ஹிட்லரோட கூட்டாளியா?

இந்தக் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். போலந்து மியூனிக்கில் இல்லை, அழைக்கப்படவும் இல்லை. ஜெர்மனியோடு ராணுவக் கூட்டணி எதுவும் கிடையாது, 1934-இல் கையெழுத்தான தாக்காமை ஒப்பந்தம் மட்டும்தான். போலிஷ், ஹங்கேரிய சிறுபான்மையினர் பிரச்சினை மூன்று மாதத்தில் தீராவிட்டால் மறுபடி கூடுவோம் என்று மியூனிக் ஆவணத்தோடு ஓர் இணைப்பும் இருந்தது. நான்கு பெரிய நாடுகள் தங்களுக்காக முடிவெடுப்பதை பெக் விரும்பவில்லை, அதனால் தானாகவே எடுத்துக்கொள்ள முடிவு செய்தார். செக்கோஸ்லோவாக்கியாவை போலந்து தாக்கினால் எங்களோடு அதற்கு உள்ள தாக்காமை ஒப்பந்தம் செல்லாது என்று செப்டம்பர் 23 அன்றே சோவியத் யூனியன் எச்சரித்திருந்தது, அதையும் பொருட்படுத்தவில்லை.

ஆனால் ஹிட்லர் ஒரு நாட்டைக் கிழிக்கும் அதே நாளில் அதே நாட்டிடம் நிலம் கேட்டது ஹிட்லருக்கு உதவியது, போலந்தின் பெயரைக் கெடுத்தது. சர்ச்சில் இதை மிகக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். 2009 செப்டம்பர் 1 அன்று, போர் தொடங்கிய எழுபதாம் ஆண்டு நிகழ்வில், போலந்து ஜனாதிபதி லெக் கச்சின்ஸ்கி வெஸ்டர்பிளாட்டேயில் பேசும்போது இது தவறு மட்டுமல்ல, பாவம் என்றே சொன்னார். 1919-இலும் 1920-இலும் பிராக் போலந்தின் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொண்டது உண்மை. 1938-இல் வார்சா அதையே திருப்பிச் செய்ததும் உண்மை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை நியாயப்படுத்த முடியாது என்பதே என் கருத்து, ஆனால் முதலாவதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டாவதைப் புரிந்துகொள்ளவும் முடியாது.

மாவட்டத்தை யார் நடத்தினாங்க?

அன்றைய போலந்தில் மாவட்டத் தலைவருக்கு ஸ்டாரோஸ்டா என்று பெயர், அரசு நியமிக்கும் அதிகாரி. சிலேசிய மாகாணம் 1920 முதல் தன்னாட்சி பெற்றது, அதற்குச் சொந்தமாக ஒரு சட்டமன்றமே கட்டோவிட்சேயில் இருந்தது. புதிதாக வந்த நிலம் இந்த மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது, அக்டோபர் முடிவில் நிர்வாகப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. அப்போது மாகாண ஆளுநர் மிகாவ் கிராஜின்ஸ்கி, போலிஷ்மயமாக்கலில் உறுதியானவர்.

அங்க இருந்த செக்காரங்க என்ன ஆனாங்க?

இது வலிக்கும் பகுதி. செக் பள்ளிகள் மூடப்பட்டன, செக் சங்கங்கள் தடை செய்யப்பட்டன, அலுவலகங்களில் போலிஷ் மட்டும் என்றானது. வேலை போனவர்கள், வீட்டை விட்டுப் போகச் சொல்லப்பட்டவர்கள், பயந்து தாங்களே கிளம்பியவர்கள் எல்லாரையும் சேர்த்து ஸாஓல்ஜேயிலிருந்து சுமார் 35,000 பேர் வெளியேறினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் 1920-க்குப் பிறகு வேலைக்காக வந்தவர்களும் உண்டு, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. ஜெர்மானியர்களின் பள்ளிகளும் அமைப்புகளும்கூட நெருக்கடிக்கு உள்ளாயின.

சரி, உள்ளூர் போலிஷ்காரங்களாவது சந்தோஷமா இருந்தாங்களா?

முதல் வாரங்களில் பூ தூவி வரவேற்றார்கள், அந்த மகிழ்ச்சி போலியானது இல்லை. பதினெட்டு ஆண்டுகளாகத் தங்கள் மொழிக்காகப் பள்ளிகளையும் சங்கங்களையும் சொந்த உழைப்பில் காப்பாற்றியவர்கள் அவர்கள். ஓர்வோவாவில் 1909-இல் தொடங்கிய போலிஷ் உயர்நிலைப் பள்ளி அவர்களுடைய பெருமை.

ஆனால் அந்த மகிழ்ச்சி வேகமாக வடிந்தது. நல்ல பதவிகளுக்கு போலந்தின் உள்பகுதியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், இந்தச் சுரங்கப் பகுதியில் வலுவாக இருந்த சோசலிஸ்டுகளைப் புதிய அதிகாரம் சந்தேகத்தோடு பார்த்தது, பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். செக்கோஸ்லோவாக்கியாவில் சுதந்திரமாகக் கட்சி நடத்திப் பழகியவர்களுக்கு அன்றைய வார்சா அரசின் இறுக்கமான அரசியல் மூச்சு முட்டியது. செக் ஆட்சியில் இரண்டாம்தரக் குடிமக்களாக இருந்தோம், இப்போதும் அப்படித்தானா என்ற மனக்குறை பரவலாக இருந்தது. வெற்றி பெற்றதாகச் சொல்லப்பட்ட தரப்பின் இந்த ஏமாற்றத்தைத்தான் பெரும்பாலான கட்டுரைகள் விட்டுவிடுகின்றன.

எந்தத் தேதியில முடிஞ்சது? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்களே.

எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. போலந்து நிர்வாகம் நடைமுறையில் நின்றது 1939 செப்டம்பர் 1 அன்று, ஜெர்மன் தாக்குதலோடு. இந்த நிலத்தை ஜெர்மனி தன்னோடு இணைத்துக்கொண்ட ஆணை நடைமுறைக்கு வந்தது அக்டோபர் 26 அன்று. அந்த இணைப்பை போலந்தோ வெளிநாட்டிலிருந்து இயங்கிய செக்கோஸ்லோவாக்கிய அரசோ ஒருபோதும் ஏற்கவில்லை. நிலம் கைமாறிய அக்டோபர் 2-லிருந்து எண்ணினால் பதினோரு மாதம், மாவட்டம் அமைந்ததிலிருந்து எண்ணினால் பத்து மாதம்.

அடுத்து வந்தது எல்லாவற்றையும்விடக் கொடியது. போலிஷ் பள்ளிகள் எல்லாம் மூடப்பட்டன. 1940 ஏப்ரலில் ஆசிரியர்களும் சங்கத் தலைவர்களும் கைது செய்யப்பட்டு டாஹாவ், மவுட்ஹவுசன் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. 1944 ஆகஸ்ட் 6 அன்று ஜிவோட்டிட்ஸே கிராமத்திலும் சுற்றியும் ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டபோ 36 பேரைச் சுட்டுக் கொன்றது. கொல்லப்பட்டவர்களில் போலிஷ்காரர்களும் செக்குகளும் இருந்தார்கள்.

போர் முடிஞ்சப்புறம் போலந்து திரும்பக் கேக்கலையா?

கேட்டது. 1945 மே மாதம் செக்கோஸ்லோவாக்கிய நிர்வாகம் திரும்பி வந்தது, அடுத்த மாதமே இரண்டு நாடுகளும் எல்லையில் படைகளை நிறுத்தும் அளவுக்குப் பதற்றம் வந்தது. ஸ்டாலினுக்கு இந்தச் சண்டை தேவைப்படவில்லை. 1947 மார்ச்சில் நட்பு ஒப்பந்தம் கையெழுத்தானது, 1958 ஜூன் 13 அன்று வார்சாவில் எல்லை ஒப்பந்தம். 1938 தொடக்கத்தில் இருந்த எல்லைதான் எல்லை என்று அது முடித்துவைத்தது. 2007 டிசம்பர் 21 முதல் இரண்டு நாடுகளும் ஷெங்கன் பகுதியில் இருப்பதால், செஷின் பாலத்தில் கடவுச்சீட்டைக் காட்டாமலே நடந்து போகலாம்.

ஃபிரிஷ்டாட் இப்ப வரைபடத்திலேயே இல்லையே, எங்க போச்சு?

ஊர் இருக்கிறது, தனிப் பெயராக இல்லை. 1948-இல் ஃபிரிஷ்டாட்டையும் கார்வினாவையும் பக்கத்து ஊர்களையும் ஒரே நகராட்சியாக்கி கார்வினா என்று பெயர் வைத்தார்கள். இன்று கார்வினாவின் பழைய சதுக்கம், அரண்மனை என்று சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது முன்னாள் ஃபிரிஷ்டாட்டைத்தான்.

உண்மையில் காணாமல் போனது பழைய கார்வினா. அடியில் சுரங்கம் தோண்டத் தோண்ட மேலே நிலம் இறங்கியது, வீடுகள் இடிக்கப்பட்டன, மக்கள் இடம் மாற்றப்பட்டார்கள். அங்கே மிஞ்சியது அல்காந்தாரா புனித பேதுரு தேவாலயம். அது 37 மீட்டர் கீழே இறங்கி, ஏறத்தாழ 7 டிகிரி சாய்ந்து நிற்கிறது. அதில் இன்றும் வழிபாடு நடக்கிறது.

1939 தொடக்கத்துல அங்க பிறந்த ஒருத்தர், எந்த நாட்டில பிறந்தவர்னு எழுதணும்?

பிறந்த நாளன்று அந்த இடத்தை நிர்வகித்தது போலந்து. இன்றைய வரைபடத்தில் அது செக் குடியரசு. குடும்ப வரலாறு எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது: ஊர்ப் பெயரை ஆவணத்தில் உள்ள வடிவத்திலேயே எழுதி, அப்போதைய நாடு, இப்போதைய நாடு இரண்டையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். ஒரே வீட்டில் பிறந்த மூன்று பிள்ளைகளுக்கு மூன்று நாடுகளின் பெயர் வருவது இங்கே சாதாரணம்: 1937-இல் பிறந்தவருக்கு செக்கோஸ்லோவாக்கியா, 1939 தொடக்கத்தில் பிறந்தவருக்கு போலந்து, 1941-இல் பிறந்தவருக்கு ஜெர்மனி.

தேவாலயப் பதிவேடுகள் பெரும்பாலும் செக் குடியரசின் ஓபாவா மாகாண ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. போலந்து நிர்வாகம் தொடர்பான கோப்புகளுக்கு கட்டோவிட்சே அரசு ஆவணக் காப்பகத்தையும் செஷினில் உள்ள அதன் கிளையையும் கேட்டுப் பார்க்கலாம். கேட்கும்போது ஊரின் போலிஷ், செக், ஜெர்மன் பெயர்கள் மூன்றையும் கொடுங்கள்.